பலகை மேல் அறுபது கிலோ

செம்பனைக் குலை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றி எடை போட்டார்கள். தோட்டமே நின்று பார்த்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு, கோயிலிலிருந்து கொண்டுவந்த ஒலிபெருக்கியில், "அம்பத்திரண்டு கிலோ" என்று அறிவித்தார். கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் மீனைக்கூட இப்படிக் கத்தி விற்கமாட்டார்கள். வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு இறங்கினேன். அந்த வாரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அந்த ஒரு நிமிஷம்தான்.

"எட்டுக் கிலோ கொறையுது. எதாச்சும் கல்லு கொண்டாரச் சொல்லுங்கலா," என்றார் மண்டோர்.

என் மாமியார் கல்லோடுதான் வந்திருந்தார். ஆட்டுக்கல் குழவி. அவர் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் நான் எடுக்கலாம், அந்தக் குழவியை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். அதைத் தராசில் வைத்தார்கள். ஏழரைக் கிலோ. மீதி அரைக் கிலோவுக்கு யாரோ ஒரு டின் பாலை என் கையில் திணித்தார்கள்.

"நீ விழுந்தா எந்திரிச்சி வந்துருவ. என் கல்லு வராது. பாத்துக்க," என்றார் மாமியார். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இது எண்பதுகளின் நடுவில். எங்கள் பக்கம் கடலோரத் தாழ்வு நிலம். கான் வெட்டித் தண்ணீரை வடிய விட்டால்தான் செம்பனை நிற்கும். நாலு வரிசை மரத்துக்கு ஒரு சின்னக் கான், எல்லாக் கானும் போய்ச் சேர ஒரு பெரிய கான். பழம் வெட்டுகிற ஆண்கள் குலைகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, கான் மேல் கிடக்கும் ஒன்றரைச் சாண் அகலப் பலகையில் நாளைக்கு முப்பது நாற்பது தடவை போய்வருவார்கள். தினமும் செய்தால் அது வேலை. ஞாயிற்றுக்கிழமை மைக் வைத்துச் செய்தால் விளையாட்டு.

ஆரம்பத்தில் போட்டியிலும் வண்டியில் குலைதான் ஏற்றினார்கள். விழுகிறவர் விழ, குலைகளும் பெரிய கானில் விழுந்தன. தொரை வந்து பார்த்தார். அவர் வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான், ஆனாலும் தோட்ட மேனேஜரைத் தொரை என்றுதான் சொல்வோம். கம்பெனிப் பழம் தண்ணீரில் போவதை அவரால் தாங்க முடியவில்லை. இனிமேல் பழம் ஏற்றக் கூடாது, வேறு எதையாவது ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் கூடி யோசித்தார்கள். அறுபது கிலோ இருக்க வேண்டும், தண்ணீரில் விழுந்தாலும் கெட்டுப்போகக் கூடாது, யாரிடமும் இரவல் கேட்கவும் கூடாது. கடைசியில் பெண்டாட்டியை ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். குலை விழுந்தால் நஷ்டம், பெண்டாட்டி விழுந்தால் நனைவாள், அவ்வளவுதான்.

இதில் எதற்காக ஆள் சேர்கிறார்கள் என்று ஒரு தடவை நான் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பரிசு ஒரு சுடுதண்ணிப் போத்தல், அல்லது ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்காக யாரும் இடுப்பை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "போன வருசம் விழுந்துட்டேன், அதான்," என்றார். அதற்கு முந்தின வருஷமும் அவர் விழுந்தவர். அவர் பெண்டாட்டி, "அவரு என்னயப் பாத்து வெலகு, நகரு இது ரெண்டத் தவுர வேற பேசுறதில்ல. அன்னிக்கு ஒரு நாளாச்சும் கெட்டியாப் புடிச்சிக்கன்னு சொல்லுவாரு," என்றாள். இன்னொருத்தருக்குக் காரணமே இல்லை, பேர் கேட்டார்கள் கொடுத்தேன் என்றார். எழுபத்தோரு கிலோ இருந்த ஒரு அக்கா, எடை கூடினால் அவர்கள் பாடு என்று விதி இருந்தும், வருஷா வருஷம் புதுச் சேலை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். புருஷன்காரர் முகம்தான் தொங்கிப்போகும்.

எங்கள் காரணம் வேறு. அதை வெளியில் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் நீளக் கம்பு அரிவாளால் அண்ணாந்து பார்த்து வெட்டுகிறவர். ஒரு நாள் மேலேயிருந்து மட்டைத் தூசி வலது கண்ணில் விழுந்தது. கழுவினார், தாய்ப்பால் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், கடைசியில் கண்ணில் பூ விழுந்தது. ஒற்றைக் கண்ணால் வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு இடது கண்ணும் மங்க ஆரம்பித்தது. காலையில் பரவாயில்லை. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறினால், "எல்லாம் வெள்ளையாத் தெரியுதுடி," என்பார். பலகையைக் கால் பழக்கத்தில்தான் கடந்துகொண்டிருந்தார். ஒரே மாதத்தில் ரெண்டு வண்டிக் குலை கானுக்குள் போனது.

தோட்டத்தில் இதற்கு முன்பு ஒரு வெட்டுக்காரருக்குக் கண் மங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்தபோது, அந்த மனிதர் பக்கத்துச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து இது என்ன மாதம் என்று சரியாகச் சொன்னார். அடுத்த மாதம் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, சுங்கை சோவில் தங்கச்சி வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கப் போய்விட்டார். வேலை போனால் வீடும் போகும், அதுதான் சட்டம். எங்களுக்கு ரெண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், போய்ப் படுக்கத் தங்கச்சி கூடம் கிடையாது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அங்கே எழுதும் சீட்டு டிரஸர் கைக்கு வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். நான் ராத்திரி பகல் அதையே நினைத்து அழுதேன், அவர் எதிரில் அழவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் போட்டிக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மண்டோர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாராம்: "வருசா வருசம் பலகையில மொதல்ல பேரு குடுக்கற ஆளு, இந்த வருசம் ஏன் பேசாம இருக்க? கண்ணு கிண்ணு சரியில்லையா? டிரஸர்கிட்ட ஒரு நட போயிட்டு வந்துரேன்."

என் வீட்டுக்காரர், "கண்ணுக்கு என்னா? எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன், அவர் கதவைப் பார்த்துத்தான் பேசினார்.

"போட்டி பன்னண்டு மணிக்கு வப்பாங்க. உச்சி வெயிலு. ஒண்ணும் தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியுமில்ல. நான்தான முன்னால ஒக்காரப் போறேன்," என்றேன்.

வண்டியில் உட்கார்ந்தால் சக்கரம் என் காலுக்கு நடுவில் இருக்கும். பலகை எனக்கு நன்றாகத் தெரியும். இடது, வலது என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் கரையில் நிற்கிற மண்டோருக்கும் புரிந்துவிடும். லயத்துக்குப் பின்னால் சேலை காயப்போடும் இடத்தில், தரையில் கோடு போட்டுப் பழகிப் பார்த்தோம். ரகசியமாகச் சொன்னால் அவருக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொன்னால் ஊருக்கே கேட்டது. மூன்றாவது தடவை அவர் என்னை நேராகக் கொண்டுபோய் வாழை மரத்தில் மோதினார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படியே உங்க அம்மா வூட்டுப் புத்தி," என்று கத்தினேன். அவர் பயந்து சட்டென்று இடது பக்கம் ஒடித்தார்.

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. வழி கிடைத்துவிட்டது.

அம்மா வீட்டைத் திட்டினால் இடது. அப்பா வீட்டைத் திட்டினால் வலது. அவரையே திட்டினால் நேரே போ. நான் திட்டுவதைக் கேட்டு அந்த லயத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. கல்யாணமாகிப் பத்து வருஷமாக நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மாமியார் மத்தியானம் தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தினமும் பழகினோம். நாலாவது நாள் கோயில் தலைவர் தம்பதி சமேதராக வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ரெண்டு கிளாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டு, "குடும்பம்னா முன்ன பின்ன இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சிப் போம்மா," என்று எனக்குப் புத்தி சொன்னார். தலையை ஆட்டினேன். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

ஒரே ஒரு சிக்கல். இடது பக்கத்துக்கு என்னிடம் சரக்கு ஏராளம். மாமியார் நான் வைத்த ரசத்தில் ரெண்டாம் தடவை உப்புப் போட்டது, என் அம்மா வந்தபோது ஓட்டைப் பாயாகப் பார்த்து விரித்தது, எல்லாவற்றுக்கும் மேலே மீன் தலை. மூத்தவனை வயிற்றில் வைத்திருந்தபோது ஜெராம் மீன்காரரிடம் சொல்லிவைத்து ஒரு பெரிய மீன் தலை வாங்கிக் குழம்பு வைத்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் தலையைக் காணோம். மாமியார் பூனை தின்றுவிட்டது என்றார். பத்து வருஷமாக நான் கேட்கிறேன், பத்து வருஷமாகப் பூனை என்கிறார்.

வலது பக்கத்துக்குத்தான் பஞ்சம். மாமனார் நல்ல மனிதர். இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அதிகம் பேசுகிறேன் என்று எல்லாரும் முகம் சுளித்தபோது, "பேசட்டும், வூடு கலகலன்னு இருக்கும்," என்று சொன்னவர் அவர்தான். குறட்டை விடுவார், பஸ்ஸில் ரெண்டு தடவை குடையைத் தொலைத்தார். அவ்வளவுதான் அவர்மேல் நான் சொல்லக்கூடிய குற்றம். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினேன்.

போட்டி நாளன்று பெரிய கான் மேல் மூன்று பலகைகளை முட்டுக் கொடுத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒன்றோடு ஒன்று நேராக இல்லை. முதல் பலகை முடிகிற இடத்தில் ரெண்டாவது வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. மூன்றாவது இடது பக்கம். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. கரையில் ஒரு உடும்பு படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. மாமியார் குடை பிடித்துக்கொண்டு சுற்றிப்போய், பலகை முடிகிற எதிர்க்கரையில் நின்றார். கல்லை வாங்கிக்கொள்ளத்தான் நிற்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

எங்களுக்கு முன்னால் ஐந்து ஜோடி போனது. மூன்று ஜோடி விழுந்தது. எழுபத்தோரு கிலோ அக்கா விழுந்தபோது எழும்பிய தண்ணீரில் மண்டோரின் மைக் கெட்டுப்போய், கொஞ்ச நேரம் போட்டி நின்றது. அந்த அக்கா சேறும் சேலையுமாக மேலே வந்து, "இன்னொரு தடவ வுடுவீங்களா?" என்று கேட்டார்.

பிறகு எங்கள் முறை. மடியில் குழவி, கையில் பால் டின். பின்னால் என் வீட்டுக்காரர் மூச்சு விடுவது கேட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது.

"இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டு நான் என்னா சொகத்தக் கண்டேன்," என்று ஆரம்பித்தேன். சக்கரம் நேராகப் பலகையில் ஏறியது. கரையில் சிரிப்பு. முதல் பலகையில் ரெண்டு தடவை இடது பக்கம் வேண்டியிருந்தது, ரசத்தையும் ஓட்டைப் பாயையும் செலவழித்தேன். எதிர்க்கரையில் மாமியார் முகம் அசையவில்லை. அடுத்த பலகைக்கு வலது. மாமனாரின் குறட்டையைச் சொன்னேன். கொஞ்சம் திரும்பியது. குடையைச் சொன்னேன். சக்கரம் ரெண்டாவது பலகையில் ஏறிவிட்டது, ஆனால் இடது விளிம்பில் இருந்தது. இன்னும் ரெண்டு விரல் வலது பக்கம் வர வேண்டும்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

செத்துப்போன மனிதரைப் பற்றி ஒரு பொய் சொல்லலாம். ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, அந்தப் பயத்திலும் "பேசட்டும்" என்று அவர் சொன்னதுதான் காதில் கேட்டது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"சொல்லுடி," என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக.

"வரமாட்டேங்குதுங்க."

அவர் நின்றுவிட்டார். வண்டியின் கால்கள் பலகையைவிட அகலம், கீழே இறக்கி வைக்க முடியாது. அறுபது கிலோவையும் கையில் தூக்கிக்கொண்டு, எதுவும் தெரியாமல் நடுக் கானில் நின்றார். கரையில் சிரிப்பு அடங்கியது. மண்டோர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ரெண்டு அடி முன்னால் வந்தார். போச்சு, வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"டேய், உங்கப்பன் மட்டும் என்னாடா பெரிய மனுசனா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவங்க அண்ணன் செருப்ப மாட்டிக்கிட்டு வந்தவன்தான?"

மாமியார். குடையை மடக்கி அதை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சக்கரம் ஒரு விரல் வலது பக்கம் நகர்ந்தது.

"இன்னுங் கேளு. சாவுற வரைக்கும் என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புட்டதில்ல. நாப்பது வருசம் 'இந்தா'ன்னுதான் கூப்புட்டாரு. எனக்குப் பேரு இல்லையா?"

இன்னொரு விரல். சக்கரம் பலகைக்கு நடுவில் வந்துவிட்டது.

"நீ மட்டும் என்னா ஒழுங்கு? மரமாட்டம் நிக்கிற," என்றார் அடுத்தபடியாக. மகன் நேரே நடந்தார்.

எதிரில் நிற்கிறவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். அம்மா வீடும் அப்பா வீடும் மாறாது. எங்கள் கண்டுபிடிப்பு நல்ல கண்டுபிடிப்புதான் என்று அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது பலகை வந்தது. இப்போது இடது. அது என் பக்கம், மீன் தலை கையில் இருந்தது. ஆனால் அங்கே குடையை நீட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனசு வரவில்லை. சக்கரம் பலகை முனைக்கு வந்துவிட்டது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"உங்க ஆத்தா மட்டும் யோக்கியமாடா?" என்று கத்தினார். "புள்ளத்தாச்சி ஆசப்பட்டு வச்ச மீன் தலையத் தின்னவ. பூனை திங்கலடா. நான்தான் தின்னேன்."

தோட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. சக்கரம் இடது பக்கம் அழகாகத் திரும்பி மூன்றாவது பலகையில் ஏறியது. நான் அழுதுகொண்டே கரைக்கு வந்து சேர்ந்தேன். பயத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாமியார் என்னைக் கவனிக்காமல் மடியிலிருந்து குழவியை எடுத்து, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எட்டு ஜோடியில் விழாமல் வந்தது மூன்று ஜோடி. அதில் நாங்கள் மூன்றாவது. ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். மண்டோர் அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணுல ஒரு கோளாறும் இல்லலா ஒனக்கு. குடும்பத்துலதான் கோளாறு," என்றார். அதற்குப் பிறகு டிரஸர் பேச்சை அவர் எடுக்கவில்லை. வருஷ லீவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு காட்ட வேண்டியதில்லை. அது வந்ததும், ஆத்தாளுக்கு முட்டி வலி என்று சொல்லிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியார் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உள்ளே மகனின் இடது கண்ணைச் சரி செய்தார்கள். அது பிறகு நடந்தது.

போட்டி முடிந்த மூன்றாம் நாள் ஜெராம் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெரிய தலையாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அதை அப்படியே மாமியார் தட்டில் வைத்தேன்.

"நாங்க பழகினது ஒங்களுக்கு எப்படித் தெரியும், அத்த?" என்றேன்.

"நான் தூங்குறேன்னு யாரு சொன்னா?"

"அவரு கண்ணு?"

"கொழம்புல கெடந்த ஈயக் கறிவேப்பலன்னு நெனச்சி ஓரமா ஒதுக்கி வச்சான். அப்பவே தெரியும்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"அப்ப அந்த மீன் தல, நெசமாவே நீங்கதான் தின்னீங்களா?"

"பூனைதான் தின்னுச்சி," என்றார் மாமியார். "பலகை முனையில நிக்கறப்ப வேற என்னத்தச் சொல்றது?"

எங்கள் லயத்தில் அப்போது ஒரு பூனையும் கிடையாது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அவர் மீன் தலையை ரெண்டாக உடைத்து, பெரிய பாதியை என் தட்டில் வைத்தார். பிறகு ரெண்டு மீன் கண்ணையும் விரலால் தோண்டி எடுத்து, மகனின் கையைப் பிடித்து, சோறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் விரலுக்குக் காட்டி, அங்கே வைத்தார்.

"தின்னு. கண்ணுக்கு நல்லது," என்றார்.